நிறவெறி நாட்டில் ஒரு இரட்டையர் கோப்பை: ஆர்தர் ஆஷ் போனது சரியா, இந்தியா போகாதது சரியா?

குந்தாரப்பள்ளியில் பெங்களூரு பஸ் ஏறினால் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு ட்ராஃபிக் மட்டும் மனசு வைத்தால், கப்பன் பூங்கா ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லை. அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் கர்நாடக மாநில டென்னிஸ் சங்க மைதானத்தில்தான் பெங்களூரு ஓப்பன் நடக்கிறது. ஏ.டி.பி சேலஞ்சர் வகைப் போட்டி. ஒற்றையர் ஆட்டத்துக்காவது கொஞ்சம் கூட்டம் வரும். ஆடவர் இரட்டையர்? 16 ஜோடிகள், நாலு சுற்று, முடிவு மறுநாள் செய்தியில் கடைசி வரி. அவ்வளவுதான்.

ஆனா, அப்படி ஒரு 'கடைசி வரி' உலக அரசியலில் பெரிய விவாதமான கதை ஒன்று இருக்கிறது. இடம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். வருடம் 1973. கோப்பையை வென்ற ஜோடியில் ஒருவர் ஆர்தர் ஆஷ் என்ற கறுப்பின அமெரிக்கர். கறுப்பினத்தவர் வெள்ளையரோடு சேர்ந்து உட்காரவே கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்த நாட்டில் அவர் ஆடினார், ஜெயித்தார்.

அடுத்த வருடமே, அதே தென்னாப்பிரிக்காவோடு ஆட வேண்டிய டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியை இந்தியா வேண்டாம் என்று விட்டுக் கொடுத்தது. அந்த இந்திய அணியின் முதுகெலும்பு, சென்னையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இரட்டையர் ஜோடி.

ஒருவர் போனார். இன்னொருவர் போகவில்லை. எதிர்த்தது ஒரே அநியாயத்தை. இதில் யார் செய்தது சரி? இந்தக் கேள்விக்கு ஆர்தர் ஆஷின் வாழ்க்கையே ஒரு பதிலைச் சொல்கிறது. அந்தப் பதிலுக்கு வந்து சேர அவருக்குச் சில வருடங்கள் பிடித்தன.

யார் இந்த ஆர்தர் ஆஷ்?

1943 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் பிறந்தவர். அமெரிக்காவின் தெற்குப் பகுதி அது. பள்ளி, பஸ், பூங்கா என எல்லாவற்றிலும் வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்த காலம்.

ஆஷின் அப்பா, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த புரூக் ஃபீல்ட் பூங்காவின் காவலாளி, பராமரிப்பாளர். குடும்பத்துக்கு வீடும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே. வாசலைத் தாண்டினால் டென்னிஸ் கோர்ட். ஆறு வயதில் அம்மாவை இழந்த, ஒல்லியான அந்தப் பையனுக்கு டென்னிஸ் மட்டை கையில் வந்தது இப்படித்தான்.

பூங்காவில் ஆட வந்த ரான் சாரிட்டி என்ற கல்லூரி மாணவர் முதலில் சொல்லிக் கொடுத்தார். பிறகு லிஞ்ச்பர்க்கில் இருந்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சனிடம் அனுப்பி வைத்தார். விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பின வீராங்கனை அல்தியா கிப்சனுக்குப் பயிற்சி கொடுத்தவர் இவர்தான்.

டாக்டர் ஜான்சனிடம் ஒரு வித்தியாசமான பாடத்திட்டம் இருந்தது. எதிராளி அடித்த பந்து கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே விழுந்தாலும் அது உள்ளே விழுந்ததாகவே ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவரிடம் வாதாடக் கூடாது. கோபம் முகத்தில் தெரியவே கூடாது. ஏன்? வெள்ளையர் ஆடும் போட்டிக்குள் ஒரு கறுப்பினப் பையன் நுழைகிறான் என்றால், அவனை வெளியே அனுப்ப யாருக்கும் ஒரு சாக்கு கூடக் கிடைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

கேட்க அமைதியான பாடம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு பெரிய சுமை. அந்த நிதானம் ஆஷுக்குக் கடைசி வரை அடையாளமாக ஒட்டிக்கொண்டது. அதற்காகவே சிலர் அவரைப் பாராட்டினார்கள். அதற்காகவே சிலர் அவர் ரொம்ப மென்மையானவர் என்று குறையும் சொன்னார்கள்.

ரிச்மண்டில் வெள்ளையருக்கான நல்ல கோர்ட்டுகளில் அவருக்கு அனுமதி இல்லை. பள்ளியின் கடைசி வருடத்துக்கு செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம். 1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பின வீரர் ஆனார். 1965-ல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் இரண்டு பட்டங்களும் அவருக்கே.

ஜெயித்தவருக்கு 20 டாலர், தோற்றவருக்கு 14,000 டாலர்!

படிப்பு முடிந்ததும் ஆஷ் ராணுவத்தில் சேர்ந்தார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆனால் அவர் போர்க்களத்துக்குப் போகவில்லை. அதற்குப் பின்னால் அவருடைய தம்பி ஜானி இருந்தார். கடற்படைக் காலாட்படையில் இருந்த ஜானி, ஏற்கெனவே வியட்நாமில் பணியாற்றியவர். அண்ணனை அங்கே அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, தானே இன்னொரு முறை வியட்நாம் பணியை ஏற்றுக்கொண்டார்.

1968-ல் டென்னிஸ் உலகமே தலைகீழாக மாறியது. அதுவரை விம்பிள்டன் மாதிரி பெரிய போட்டிகளில் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த வருடம் முதல் தொழில்முறை வீரர்களும் ஆடலாம் என்று கதவு திறந்தது. 'ஓப்பன்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

அந்த முதல் யு.எஸ். ஓப்பனை வென்றவர், அப்போது ராணுவ லெப்டினன்டாக இருந்த 25 வயது ஆர்தர் ஆஷ். இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை 14-12, 5-7, 6-3, 3-6, 6-3 என்று ஐந்து செட்களில் வென்றார். ஆனால் அவர் இன்னும் அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. செலவுப் படியாக நாளொன்றுக்கு 20 டாலர் மட்டும். முதல் பரிசான 14,000 டாலர், தோற்ற ஓக்கருக்குப் போனது!

டாம் ஓக்கர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வருவார். அடுத்த முறை வலைக்கு எதிர்ப்பக்கம் இல்லை, ஆஷின் பக்கத்திலேயே.

இரட்டையரில் ஆஷ் எப்படி?

ஆஷ் என்றாலே எல்லோரும் சொல்வது ஒற்றையர் சாதனைகளைத்தான். 1968 யு.எஸ். ஓப்பன், 1970 ஆஸ்திரேலிய ஓப்பன், 1975 விம்பிள்டன். இந்த மூன்றையும் வென்ற ஒரே கறுப்பின ஆண் வீரர் இன்றுவரை அவர்தான்.

ஆனால் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் ஆடவர் இரட்டையர் இறுதிப் போட்டி வரை போனவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. 1971-ல் மார்ட்டி ரீசனோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன், 1977-ல் டோனி ரோச்சோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் என இரண்டு கோப்பைகள். யு.எஸ். ஓப்பனிலும் விம்பிள்டனிலும் இறுதியில் தோல்வி. இந்த டோனி ரோச் வேறு யாருமில்லை. 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் நம்ம ராமநாதன் கிருஷ்ணன் – ஜெய்தீப் முகர்ஜி ஜோடி மெல்போர்னில் தோற்கடித்த ஆஸ்திரேலிய ஜோடியில் ஒருவர்.

இரட்டையர் என்பது இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது கிடையாது. ஒருவர் சர்வீஸ் போடும்போது இன்னொருவர் வலைக்கு அருகே காவல் நிற்பார். நடுவே வரும் பந்து யாருக்கு என்று நொடிக்குள் முடிவாக வேண்டும். சேர்ந்து நகர வேண்டும், சேர்ந்து பின்வாங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரை நம்பாமல் ஒரு புள்ளி கூட எடுக்க முடியாது. 1973-ல் தென்னாப்பிரிக்க அரசு சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது, இப்படி இரண்டு நிறத்து ஆட்கள் சரிசமமாகப் பக்கத்தில் நிற்பதைத்தான்.

புறக்கணிப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்

ஜோகன்னஸ்பர்க் கதைக்குள் போகும் முன் இன்னொரு விஷயம். பெங்களூரு ஓப்பனின் பெயரோடு ஒட்டியிருக்கும் ஏ.டி.பி என்பது முதலில் ஒரு வீரர்கள் சங்கம். 1972-ல் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் ஆஷ் ஒருவர். 1974-ல் அதன் தலைவர் ஆனார். அதுவரை எங்கே ஆடுவது, எவ்வளவு பணம், யாருக்குத் தடை என்பதையெல்லாம் சம்மேளனங்களே முடிவு செய்தன. வீரர்கள் வாயே திறக்க முடியாது.

1973 ஜூனில் அந்தச் சங்கத்துக்கு முதல் பெரிய சோதனை. யூகோஸ்லாவியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆட மறுத்தார் என்று நிக்கி பிலிச் என்ற வீரருக்குத் தடை விழுந்தது. அவருக்கு ஆதரவாகச் சங்கத்தைச் சேர்ந்த 81 பேர் விம்பிள்டனையே புறக்கணித்தார்கள். ஆஷும் ஆடவில்லை. வேலைநிறுத்தம், கேட் முன்னால் உட்கார்வது, பேச்சுவார்த்தை என்றெல்லாம் பார்த்துப் பழகிய ஓசூர் சிப்காட் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும்: தனித்தனியாக இருந்தால் நிர்வாகம் பேசாது, சேர்ந்து நின்றால் பேசும்.

ஆக, புறக்கணிப்பின் பலம் ஆஷுக்குத் தெரியாமல் இல்லை. அதே வருடம் நவம்பரில் அவர் தென்னாப்பிரிக்கா கிளம்பியபோது பலரும் அதிர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

தென்னாப்பிரிக்காவில் அப்படி என்ன நடந்துகொண்டிருந்தது?

'அபார்தைட்' என்ற நிறவெறி ஆட்சி. 1948 முதல் அதுவே அரசின் அதிகாரப்பூர்வக் கொள்கை. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது வரை தோல் நிறமே முடிவு செய்தது. கறுப்பினத்தவர் வெள்ளையர் பகுதிக்குள் நடமாட, கையில் பாஸ் வைத்திருக்க வேண்டும்.

இதில் தமிழர்களும் சிக்கியிருந்தார்கள். 1860-ல் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். டர்பன் நகரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள், குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டன. தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை 1946-லேயே இந்தியா நிறுத்திக்கொண்டதற்குப் பின்னால் இந்த மக்களின் கதையும் இருக்கிறது.

அந்த நாட்டு ஓப்பன் போட்டியில் ஆட 1969-ல் ஆஷ் விசா கேட்டார். மறுப்பு. மறுபடி கேட்டார். மறுபடி மறுப்பு. அவர் சும்மா இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவை டென்னிஸிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். 1970 டேவிஸ் கோப்பையிலிருந்து அந்த நாடு நீக்கப்பட்டது. உலக அரங்கில் தனித்து விடப்பட்ட பிறகு, 1973-ல் ஒருவழியாக அவருக்கு விசா கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள்? பாருங்க, நாங்களும் மாறிட்டோம் என்று உலகத்துக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. இது ஆஷுக்கும் தெரியும். அதனால்தான் நிபந்தனைகள் போட்டார். மைதானத்தில் பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. தான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் பேசலாம். வெளிநாட்டிலிருந்து வரும் கறுப்பின விருந்தினருக்குக் கொடுக்கும் 'கௌரவ வெள்ளையர்' என்ற அந்தஸ்து தனக்கு வேண்டாம். வந்தால் கறுப்பினத்தவராகவே வருவேன் என்பது அவர் நிலை.

எல்லிஸ் பார்க்கில் நடந்தது என்ன?

ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம். இருக்கை விஷயத்தில் கொடுத்த வாக்கு முழுசாகக் காப்பாற்றப்படவில்லை. கறுப்பினப் பார்வையாளர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் கோர்ட்டில் அவர் இருந்தார். ஒற்றையரில் இறுதி வரை போய் ஜிம்மி கானர்ஸிடம் 6-4, 7-6, 6-3 என்று தோற்றார்.

மீதி இருந்தது இரட்டையர். ஜோடி, ஐந்து வருடம் முன்பு யு.எஸ். ஓப்பனில் தோற்றுப் பணம் வாங்கிய அதே டாம் ஓக்கர். இருவரும் சேர்ந்து கோப்பையை வென்றார்கள். தென்னாப்பிரிக்க ஓப்பனின் சாம்பியன் பட்டியலில் முதல்முறையாக ஒரு கறுப்பினத்தவரின் பெயர் ஏறியது. அதுவும் ஒரு வெள்ளைக்கார வீரரின் பெயரோடு ஒரே வரியில்.

மைதானத்துக்கு வெளியே நடந்தது இதைவிடப் பெரிசு. ஜோகன்னஸ்பர்க் ஓரத்தில் கறுப்பினத்தவர் அடைத்து வைக்கப்பட்டிருந்த சொவெட்டோ பகுதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். மக்கள் அவருக்கு 'சிப்போ' என்று பேர் வைத்தார்கள். 'பரிசு' என்று அர்த்தம். அவருடைய முயற்சியால் உருவான டென்னிஸ் மையம் 1976-ல் சொவெட்டோவில் திறக்கப்பட்டது.

அலெக்சாண்ட்ரா என்ற சேரிப் பகுதியில் வளர்ந்த மார்க் மத்தபானே என்ற பையனுக்கு அப்போது 13 வயது. யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து நடக்கும் ஒரு கறுப்பின மனிதரை அவன் முதன்முதலாகப் பார்த்தது ஆஷிடம்தான். டென்னிஸ் பிடித்துக்கொண்டு, 1978-ல் அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் படிக்கப் போனான். பிற்காலத்தில் நிறவெறியின் கொடுமையை உலகத்துக்குச் சொன்ன பிரபல எழுத்தாளர் ஆனான்.

எல்லோரும் கைதட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் சிலர் நேரடியாகவே எதிர்த்தார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: நீங்கள் வந்ததால் அரசுக்கு நல்ல பெயர். நீங்கள் விமானம் ஏறிப் போனதும் எங்கள் கையில் அதே பாஸ்தான்.

இந்தியா ஏன் போகவில்லை?

இப்போது 1974. மே மாதம், கல்கத்தா. டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம். சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இரட்டையரில் ஜான் அலெக்சாண்டர் – காலின் டிப்ளி ஜோடியோடு மோதினார்கள். ஸ்கோர்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. ஒரே ஆட்டத்தில் 99 கேம்! ஐந்து ஆட்டங்களும் சேர்த்து 327 கேம்கள். டேவிஸ் கோப்பைச் சாதனை. இந்தியா 3-2 என்று ஜெயித்தது. அடுத்து புனேவில் சோவியத் யூனியனையும் வென்று இறுதிக்குப் போனது.

எதிரே வந்து நின்றது தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. இறுதிப் போட்டி நடக்கவே இல்லை. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

இதன் விலை சின்னது இல்லை. விஜய்க்கு அப்போது 20 வயது. கையெட்டும் தூரத்தில் உலகக் கோப்பைக்குச் சமமான ஒன்று. இந்தியா அதற்கு முன் 1966-லும், பிறகு 1987-லும் இறுதிக்குப் போய்த் தோற்றது. இன்றுவரை டேவிஸ் கோப்பையை ஒருமுறை கூட வென்றதில்லை.

ஆஷ் மனசு மாறியது எப்படி?

ஆஷ் அடுத்தடுத்த வருடங்களிலும் தென்னாப்பிரிக்கா போனார். நேரில் போய்ப் பேசினால், ஆடிக் காட்டினால், அந்தச் சமூகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்பது அவர் நம்பிக்கை. ரிச்மண்டில் பிறந்து வளர்ந்த அனுபவம் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆளாக நுழைந்தவர் அவர்.

ஆனால் 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது. அவர் டென்னிஸ் சொல்லிக் கொடுத்த அதே சொவெட்டோ. பட்டியலில் ஒரு பெயர் ஏறியதால் சட்டத்தில் ஒரு எழுத்து கூட மாறவில்லை என்பது தெளிவானது.

ஒரு தொழிற்சாலையில் ஊர்க்காரர் ஒருவரை மட்டும் உள்ளே எடுத்துவிட்டு, நாங்க எல்லாருக்கும் வேலை தர்றோம் என்று போர்டு மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனவர் திறமையானவர்தான். அவர் மீது தப்பு இல்லை. ஆனால் கேட் வெளியே நிற்கும் ஆயிரம் பேருக்கு அந்த போர்டால் என்ன பயன்? பயனடைந்தவர் போர்டு மாட்டியவர் மட்டுமே. தன்னுடைய வருகை அந்த போர்டாகப் பயன்படுகிறது என்பதை எழுபதுகளின் முடிவில் ஆஷ் ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு முழுக்க எதிர்த் திசை. 1983-ல் பாடகர் ஹாரி பெலாஃபோன்டேவுடன் சேர்ந்து, கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன் நடந்த போராட்டத்தில் கைதானார். அப்போது அவர் சாதாரண ஆள் இல்லை. 1981, 1982 என இரண்டு முறை அமெரிக்காவுக்கு டேவிஸ் கோப்பை வாங்கித் தந்த அணித் தலைவர். நடுவரிடம் கூட குரல் உயர்த்தாத மனிதர் போலீஸ் வண்டியில் ஏறியது பலருக்கும் ஆச்சரியம்.

சுருக்கமாகச் சொன்னால், 1974-ல் இந்தியா நின்ற இடத்துக்கு, பத்து வருடம் கழித்து ஆஷும் வந்து சேர்ந்தார். அதற்காக 1973 பயணம் வீண் என்று சொல்லிவிட முடியுமா? மார்க் மத்தபானேவிடம் கேட்டால் பதில் வேறு. அந்தப் பயணம் சில மனிதர்களை மாற்றியது. புறக்கணிப்பு ஒரு அரசை நெருக்கியது. முதலாவதை இரண்டாவதாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

மூட்டூஸாமி என்றால் முத்துசாமி!

ஆஷின் வாழ்க்கையில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. 1976-ல் ஒரு நிதி திரட்டும் விழாவில் புகைப்படம் எடுக்க வந்த ஜீன் மூட்டூஸாமியைச் சந்தித்தார். அடுத்த பிப்ரவரியில் கல்யாணம்.

பெயரைக் கொஞ்சம் சத்தமாகப் படித்துப் பாருங்கள். முத்துசாமி! பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அப்படி ஆகிவிட்டது. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்கு 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ஜீனின் தந்தை வழி முன்னோர் குவாதலூப் வழியாக அமெரிக்கா வந்த, இந்திய வேர் கொண்ட குடும்பம். டர்பனுக்குப் போன கப்பலும் குவாதலூப்புக்குப் போன கப்பலும் ஒரே கரும்புக்காக, ஏறக்குறைய ஒரே ஊர்களின் ஆட்களை ஏற்றிச் சென்றவை.

கடைசி ஆட்டம்

1979 ஜூலை. ஆஷுக்கு 36 வயது. மாரடைப்பு. அந்த டிசம்பரில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை. டென்னிஸிலிருந்து ஓய்வு. 1983-ல் மறுபடி ஒரு பைபாஸ். அந்த சிகிச்சைக்குப் பின் ஏற்றிய ரத்தத்தின் வழியாக ஹெச்.ஐ.வி கிருமி அவர் உடலில் புகுந்தது என்பது மருத்துவர்களின் கணிப்பு. தானம் செய்யப்படும் ரத்தத்தில் ஹெச்.ஐ.வி பரிசோதனை அமெரிக்காவில் தொடங்கியதே 1985-ல்தான். 1988-ல் வலது கை செயலிழந்தபோது விஷயம் தெரியவந்தது.

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றாலே மனிதர்களை ஒதுக்கி வைத்தார்கள். இங்கேயும் அதே நிலைதான். 1986-ல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி பாதிப்பை சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், நோயைவிட ஒதுக்குதலோடுதான் அதிகம் போராட வேண்டியிருந்தது.

ஆஷ் இதை நெருங்கியவர்களுக்குள் மட்டும் வைத்திருந்தார். அவருக்கு கேமரா என்ற சின்ன மகள். அம்மா புகைப்படக் கலைஞர் என்பதால் அந்தப் பெயர். ஆனால் ஒரு நாளிதழ் செய்தி வெளியிடத் தயாரானது. வேறு வழியின்றி 1992 ஏப்ரல் 8 அன்று தானே பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். பிரபலம் என்பதாலேயே ஒருவரின் நோயை ஊடகம் வெளியே சொல்லலாமா என்ற விவாதம் அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை.

மீதி இருந்தது பத்து மாதம். எய்ட்ஸ் ஒழிப்புக்கு ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஹெய்ட்டி நாட்டு அகதிகளைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து வெள்ளை மாளிகை முன் போராடி மறுபடியும் கைதானார். டிசம்பர் 1 அன்று ஐ.நா. பொதுச் சபையில் எய்ட்ஸ் பற்றிப் பேசினார். 1993 பிப்ரவரி 6 அன்று நியூயார்க்கில் காலமானார். வயது 49.

நெல்சன் மண்டேலா 1990-ல் விடுதலையானதை அவர் பார்த்தார், நேரில் சந்தித்தார். 1991-ல் மாறிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வந்தார். ஆனால் 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று என்ன மிச்சம்?

ரிச்மண்டின் மான்யுமென்ட் அவென்யூவில், அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்றன. 1996-ல் அதே சாலையில் ஆஷுக்கும் சிலை வைத்தார்கள். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் புத்தகங்கள், சுற்றிலும் பிள்ளைகள். 2021-க்குள் தளபதிகள் எல்லோரும் பீடத்தை விட்டு இறக்கப்பட்டார்கள். அந்தச் சாலையில் இப்போது நிற்பது ஆஷ் மட்டும்.

யு.எஸ். ஓப்பனின் பிரதான மைதானம் 1997 முதல் ஆர்தர் ஆஷ் ஸ்டேடியம். உலகின் மிகப்பெரிய டென்னிஸ் அரங்கம் அது. 2010-ல் அங்கே நடந்த ஆடவர் இரட்டையர் இறுதிப் போட்டியில் ஒரு ஜோடி ஆடியது. ஒருவர் கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த ரோஹன் போபண்ணா. இன்னொருவர் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷி. ஐ.நா.வுக்கான இரு நாட்டுத் தூதர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த ஜோடி பிரையன் சகோதரர்களிடம் தோற்றது. இரண்டு செட்டும் டைபிரேக் வரை போயின. மறுநாள் எல்லையில் எதுவும் மாறிவிடவில்லை. மாறும் என்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பெஷாவரிலோ பெங்களூருவிலோ அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதாவது ஒரு 13 வயதுப் பிள்ளைக்கு அது என்னவாகப் பட்டது என்பது, அந்தப் பிள்ளை வளர்ந்து சொன்னால்தான் தெரியும்.